வேடம் கலைந்த பின்

பள்ளி ஆண்டு விழா மேடையில் அரிதாரம் பூசி நின்ற மாணவர்கள் பின்னாளில் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று எவரும் கணக்கெடுப்பதில்லை. தேர்ச்சி விழுக்காட்டைப் பள்ளிகள் வாயிலிலேயே பலகை நாட்டி எழுதுகின்றன. மாவட்ட அளவில் ஓடிப் பரிசு பெற்றவனின் கோப்பை தலைமையாசிரியர் அறைக் கண்ணாடிப் பேழையில் தூசி படிந்தேனும் இருக்கிறது. நடித்தவனுக்கும் பாடியவனுக்கும் அப்படி ஓர் இடம் இல்லை. என்றாலும் ஊர் அவனை எளிதில் விட்டுவிடுவதில்லை. திருமுழுக்குப் பெயரை மறந்துவிட்டு வேடத்தின் பெயரை வைத்துக்கொள்கிறது. எங்கள் பகுதியில் எழுபது வயதைக் கடந்த ஒருவரை இன்றும் 'பிலாத்து' என்றுதான் அழைக்கிறார்கள். பதினாறு வயதில், ஒரு தவக்காலத்தில், ஒரே ஓர் இரவு மேடையில் கை கழுவியதற்காகக் கிடைத்த பெயர் அது. அவருடைய பேரப்பிள்ளைகளும் 'பிலாத்து வீட்டுப் பிள்ளைகள்'தாம்.

ஆகவே இக்கட்டுரையில் வரும் மனிதர்களை நானும் அவரவர் ஏற்ற வேடத்தின் பெயராலேயே குறிப்பிடுகிறேன். அவர்களில் பலர் இன்னும் நடமாடுகிறவர்கள். அவர்களுடைய வீட்டுக் கதையை அச்சில் ஏற்றும்போது இந்த மறைப்பு இருப்பது நல்லது.

நான் படித்தது தென்கோடியிலுள்ள ஒரு மிஷன் உயர்நிலைப்பள்ளியில். கடற்கரை ஊர்களின் மீனவர் பிள்ளைகளும் தேரிக்காட்டுப் பனையேறிகளின் பிள்ளைகளும் ஒரே விடுதியில் உண்டு உறங்கிய பள்ளி அது. 1978ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்குத் 'தேவசகாயம் பிள்ளை' நாடகம் அரங்கேறியது. நாங்கள் பழைய பதினொன்றாம் வகுப்பின் கடைசி அணியினர். அவ்வாண்டில்தான் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி வந்தது. எனக்குக் குரல் வளமும் இல்லை, வேடத்துக்கேற்ற உயரமும் இல்லை. எனவே பக்கத்தட்டியின் மறைவில் கையெழுத்துப் படியை வைத்துக்கொண்டு, வசனம் மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுக்கும் பணி எனக்கு வாய்த்தது. மேடையில் நின்றவர்கள் தத்தம் பங்கை மட்டுமே மனப்பாடம் செய்தார்கள். நான் எல்லாருடைய பங்கையும் மனப்பாடம் செய்தேன். பின்னர் அஞ்சல் துறையில் சேர்ந்து துணை அஞ்சல் நிலையங்கள் பலவற்றில் நாற்பது ஆண்டுகளை ஓட்டிய எனக்கு, இவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை அறிந்துகொள்வது அரிதாக இருக்கவில்லை. முகவரி தேடுவது எங்கள் தொழில்.

நாடகத்தை உருவாக்கியவர்கள் மூவர். தமிழ் ஐயா வசனம் எழுதி நடிப்பையும் சொல்லிக்கொடுத்தார். டிராயிங் சார் மைதா மாவுச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, வச்சிரப் பசையில் வண்ணப்பொடி குழைத்து, ஆரல்வாய்மொழி மலையைத் திரைச்சீலையில் எழுப்பினார். பாட்டு சார் மெட்டமைத்து ஆர்மோனியம் வாசித்தார். மூவரில் மாணவர்கள் உண்மையில் அஞ்சியது பாட்டு சாருக்குத்தான். தமிழ் ஐயா அடிப்பார். பாட்டு சார் அடிக்கமாட்டார். ஆனால் சுருதி விலகியவன் முகத்தையே பார்த்தபடி துருத்தியிலிருந்து கையை எடுத்துவிடுவார். அந்த அமைதி பிரம்படியைவிடக் கொடியது.

தேவசகாயத்தின் வரலாற்றை வாசகர் அறிவர். திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவலராயிருந்த நீலகண்ட பிள்ளை, 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுப் படைத் தளபதி டிலனாயின் நட்பால் மறையை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, எருமைமேல் ஏற்றி ஊர்வலம் விடப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இதை மேடையேற்ற எருமை வேண்டுமே! தத்ரூபம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த தமிழ் ஐயா உண்மையான எருமைக் கன்றையே வரவழைத்தார். அது பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தைக் கண்டு மிரண்டு, சிறப்பு விருந்தினர் வரிசையை ஊடறுத்துக்கொண்டு ஓடியது. மறைசாட்சியின் பாடுகளைக் காண வந்த கூட்டம் கால்மணி நேரம் சிரித்தது. ஆயினும் இறுதிக் காட்சியில் குண்டு வெடித்து, மணியடிச்சான் பாறை ஒலிப்பதைக் காட்டப் பள்ளி மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டைத் திரைக்குப் பின்னே நான் ஓங்கி அடித்தபோது, முன்வரிசைப் பெண்கள் வாய்விட்டு அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

தேவசகாயமாக நடித்தவன் பள்ளியிறுதித் தேர்வில் தேறவில்லை. கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுதினால் வருந்துவான். தந்தையின் கட்டுமரத்தில் பத்தாண்டுகள் கடலுக்குப் போனான். பிறகு கரையில் மீன் ஏலம் கூறுபவனாக அமர்ந்தான். விடியற்காலையில் படகுகள் வந்தடையும் நேரத்தில் அவன் ஏலத்தைக் கேட்கவேண்டும். காற்று கடலிலிருந்து வீச, காக்கைகள் கரைய, வியாபாரிகள் ஒருவரை ஒருவர் முந்தக் கூச்சலிட, அத்தனைக்கும் மேலே அவன் குரல் தனியே நிற்கும். தொலைவில் கூடையுடன் நிற்கும் தலைச்சுமைப் பெண்ணுக்கும் விலை தெளிவாகக் கேட்கும். ஒருமுறை அதைச் சொல்லி வியந்தேன்.

"பாட்டு சார் சொல்லிக் குடுத்ததுதாம்ல. கடைசி எழுத்த விழுங்காத, கடைசி வரிசைக்குக் கேக்கணும்னு சொல்லுவாருல்லா?" என்றான். சிறிது நேரம் கழித்து, "கேக்கலன்னா ஏழைக்கு மீன் போய்ச் சேராது" என்றும் சொன்னான். முன்னால் நிற்கும் பெரிய வியாபாரிக்கு மட்டும் கேட்கும்படி விலையை முணுமுணுத்து ஏலத்தை முடிக்கும் வழக்கம் கரையில் இல்லாததன்று. அவனிடம் அது நடக்காது. அதனால் அவனுக்கு இழப்பும் உண்டு, பகையும் உண்டு.

2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, அவனுடைய ஊரில் கோவில் முற்றத்தில் வெண்திரை கட்டி நேரலையாகக் காட்டினார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் இளைஞர்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் பேசியதைப் பேசிக் காட்டவேண்டும் என்றார்கள். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தவன் அதை இறக்கிவிட்டான். காற்றாடிமலையில் காவலர்களிடம் இறுதி வேண்டுதலுக்கு நேரம் கேட்கும் பகுதியைத் தொடங்கினான். பாதி வழியில் ஒரு சொல் வரவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடினான். நான் அடியெடுத்துக் கொடுத்தேன். மேலே போய்விட்டான். பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன், "தாத்தா, நீங்க எப்படி கண்டுபிடிச்சீங்க?" என்று என்னிடம் கேட்டான்.

மன்னன் மார்த்தாண்ட வர்மாவாக வீற்றிருந்தவன் அரசுப் பணியில் சேர்ந்து, ஆட்சியர் அலுவலகத்தில் டவாலியாகி, வெள்ளைச் சீருடையும் சிவப்புக் குறுக்குப் பட்டையுமாக ஓய்வுபெறும்வரை கதவருகே நின்றான். மேடையில் அவன் வரும்போது பிறர் எழுந்தார்கள். அலுவலகத்தில் பிறர் வரும்போது அவன் எழுந்தான். இதைச் சொல்லிச் சிரிப்பவனும் அவனே. டிலனாயாக முத்துவெள்ளை பூசிக்கொண்டவன் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலை பார்த்துவிட்டு மகனோடு மும்பைக்குப் போய்விட்டான்.

மனைவி ஞானப்பூவாகச் சேலை உடுத்தியவனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பெண் வேடம் கட்டும் பையனை மேடையில் பாராட்டும் அதே கூட்டம் மறுநாள் காலையில் தெருவில் கேலி செய்யும். விடுதியில் அவன் பட்ட பாடு கொஞ்சமன்று. பள்ளியிறுதி முடிந்ததும் ஊருக்கே வராமல் எங்கோ சென்று செவிலியர் பயிற்சி பெற்றான். ஆண் செவிலியர் அரிதாக இருந்த காலம். ஒரு மறைமாவட்ட மருத்துவமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினான். பெரும்பாலும் இரவுப் பணியைத் தானாகவே கேட்டு வாங்குவானாம். அங்குச் சிகிச்சை பெற்ற என் சிற்றன்னை, "அந்தத் தம்பி போர்வையை இழுத்துவிடுற விதமே வேற" என்பார். நாடகத்தில் கணவனின் விலங்கிட்ட கைகளைத் தாங்கி அமரும் காட்சிக்காகத் தமிழ் ஐயா அவனை நாற்பது முறை அமரச் செய்தார். 'தொடுவது போல நடிக்காதே, தொடு' என்று அதட்டுவார். இந்தப் பயிற்சிக்கும் அந்தப் போர்வைக்கும் தொடர்பு உண்டா என்று நான் அவனிடம் கேட்டதில்லை. அவன் அந்த நாடகத்தைப் பற்றிப் பேச விரும்புவதில்லை.

தேவசகாயத்தைச் சுட்ட காவலன் குருமடத்துக்குப் போய்க் குருவானார். "சுட்டவரே பூசை வைக்கிறார்" என்று ஊரில் இன்றும் நகைச்சுவை உண்டு. இதற்கு ஒரு பழைய முன்னுதாரணத்தை நான் பிற்காலத்தில் படித்து மகிழ்ந்தேன். இயேசு சபைப் பள்ளிகளில் நாடகம் பாடத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. அச்சபையின் 1599ஆம் ஆண்டுக் கல்வி நெறிமுறை அதற்கு விதிகளே வகுத்தது. இலத்தீன் மொழியில் இருக்கவேண்டும், பொருள் பக்திக்குரியதாக இருக்கவேண்டும், பெண் வேடம் கூடாது என்பன அவற்றுட் சில. ஜெர்மனியின் மியூனிக் நகரில், பள்ளி ஆசிரியரான யாக்கோபு பீடர்மான் என்னும் இயேசு சபையார் எழுதிய 'செனடோக்சுஸ்' என்ற நாடகத்தை 1609இல் நடித்தார்கள். தற்பெருமையால் அழியும் ஒரு கல்விமானின் கதை. தொடக்கத்தில் மக்கள் சிரித்தார்களாம், முடிவில் நடுங்கிப்போனார்களாம். அவையிலிருந்த பெருந்தகையோர் பதினால்வர் உடனே தியானப் பயிற்சிக்குச் சென்றனர் என்றும், கல்விமானாக நடித்தவரே பின்னர் சபையில் சேர்ந்தார் என்றும் 1666இல் வெளிவந்த அவருடைய நாடகத் தொகுதியின் முன்னுரை கூறுகிறது. எழுதிய ஆசிரியர் எங்கே போனார்? ரோமையில் நூல்களைத் தணிக்கை செய்யும் பணியில் அமர்ந்து 1639இல் அங்கேயே மறைந்தார். நாடகாசிரியரைத் தணிக்கையாளராக்கியது யாருடைய திருவிளையாடலோ!

எல்லாருக்கும் அப்படி நேர்ந்துவிடவில்லை. அச்சபையின் பாரிஸ் பள்ளியில் படித்த மோலியேர் நாடகக்காரராகவே வாழ்ந்து 1673இல் இறந்தபோது, பங்குக் குரு கிறிஸ்தவ அடக்கம் தர மறுத்தார். மன்னர் தலையிட்ட பிறகே இரவு வேளையில் சடங்கு ஆரவாரமின்றிப் புதைத்தார்கள். பள்ளியில் நடிப்பைப் புண்ணியமாகவும், பள்ளிக்கு வெளியே அதையே தொழிலாகவும் கொண்டவனைப் பாவியாகவும் காணும் வழக்கம் நமக்கும் புதிதன்று. ஆண்டு விழாவில் கைதட்டிய தந்தையே, "கூத்தாடிப் பிழைக்கவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று வீட்டில் கேட்டிருக்கிறார்.

அப்படிக் கேட்கப்பட்டவன் எங்கள் கட்டியக்காரன். நாடகத்தில் மன்னன் வருகையை அறிவிப்பதும் இடையிடையே நகைச்சுவை செய்வதும் பின்பாட்டுப் பாடுவதும் அவன்தான். பதினோராம் வகுப்பு முடிந்த வாரமே சென்னைக்குப் போய்விட்டான். திரைப்படத்தில் பாடவேண்டும் என்பது கனவு. இரண்டு ஆண்டுகளில் திரும்பி வந்து மெல்லிசைக் குழு ஒன்றில் சேர்ந்தான். அந்நாளில் கோவில் கொடியேற்றத்துக்கும் கொடையிறக்கத்துக்கும் திருமணத்துக்கும் இசைக்குழு இல்லாமல் இருக்காது. எங்கள் பகுதியில் அவனைக் கேளாத காது இல்லை. பிறகு பத்து வாத்தியக்காரர் செய்ததை ஒரே மின்விசைப்பலகை செய்யத் தொடங்கியது. குழு சுருங்கியது. அவன் ஒலிபெருக்கி, விளக்கு வாடகைக் கடை வைத்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. இரண்டு ஆண்டுகள் திருவிழா இல்லை, ஊர்வலம் இல்லை, கூடி அமர்ந்த திருமணம் இல்லை. குழாய் ஒலிபெருக்கி முதல் வயர் சுருள்வரை ஒவ்வொன்றாக விற்றான். எங்களுள் கலையை நம்பி வாழ முயன்றவன் இவன் ஒருவனே என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. வேறு தொழிலுக்குப் போனவர்கள் எல்லாரும் மேடையிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு போனார்கள். மேடையிலேயே நின்றவனின் காலடியில்தான் பலகை கழன்றது.

பெண்பிள்ளைகளின் கதை வேறு. அருட்சகோதரிகள் நடத்திய பள்ளியில் கோலாட்டமும் அபிநயப் பாடலும் எங்கள் நாடகத்தைவிட நேர்த்தியாக இருக்கும். பத்தாம் வகுப்போடு அது நின்றுவிடும், பிறகு திருமணம். என் தங்கை வானதூதராகச் சிறகு கட்டி ஆடியவள்; இன்று மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்களுக்குச் செய்கைப் பாட்டுச் சொல்லித் தருகிறாள். 1977இல் திருச்சியில் கலைக் காவிரி தோன்றி, நாட்டியமும் இசையும் முறையாகக் கற்கலாம், அதற்குப் பட்டமும் பெறலாம் என்றானது ஒரு பெரிய மாற்றம். ஆனால் எங்கள் தென்கோடி ஊர்களில் அந்த வழியை மகளுக்குத் திறந்துவிட்ட பெற்றோர் மிகச் சிலரே.

இனி ஆசிரியர்கள். தமிழ் ஐயா அரசு உதவிபெறும் பணியிடத்தில் இருந்தவர். ஓய்வூதியத்தோடு சொந்த ஊர் போய், திண்ணையில் நாளிதழ் படித்து, எண்பத்தொன்பது வயதில் நிறைவாக மறைந்தார். டிராயிங் சாரும் தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழ் பெற்றவர், அவருக்கும் குறையில்லை. பாட்டு சாருக்கு இரண்டும் இல்லை. அவர் பத்து வயதில் ஒரு பாய்ஸ் கம்பெனியில் விடப்பட்டவர். ஆர்மோனியமும் பாட்டும் அங்கே கற்றவை. சான்றிதழ் தர அங்கே யார் இருந்தார்கள்? நவாப் ராஜமாணிக்கம் குழுவினரின் 'இயேசுநாதர்' நாடகத்தைக் கண்ட கதையை எங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பேசும் படம் பரவப் பரவக் கம்பெனிகள் கலைந்தன. ஊர் திரும்பிய இளைஞரைப் பங்குத்தந்தை ஒருவர் கோவில் பாட்டுக்கும் பள்ளிக்குமாக அமர்த்திக்கொண்டார். நிர்வாகம் கொடுத்த சம்பளம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதே ஏற்பாடு. ஓய்வுபெற்ற நாளில் மாலையும் பொன்னாடையும் கிடைத்தன. ஓய்வூதியம் என்று ஒன்று இல்லை.

பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றி நமக்குத் தெரிந்த முடிவுகளெல்லாம் வெற்றி பெற்றவர்களின் முடிவுகள். ஆறு வயதில், 1918இல், சங்கரதாஸ் சுவாமிகளின் சபையில் சேர்ந்த டி. கே. சண்முகம் ஔவையாராக நடித்து 'ஔவை' சண்முகம் ஆனார். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்த எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். அதே கூடத்தில் பாய் விரித்துப் படுத்த மற்றப் பையன்களின் பெயர்கள் எங்கே? சுவாமிகளின் முடிவையும் நினைத்துப் பார்க்கலாம். எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர் அவர். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்பட்டவர். எத்தனையோ சிறுவர்களுக்கு உச்சரிப்பைத் திருத்திய அவர், இறுதியில் பக்கவாதத்தால் பேச்சிழந்தார். 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். மதுரைத் தமுக்கத்தில் அவருக்குச் சிலை நிற்கிறது. பாட்டு சார் அந்த வழியாகப் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவாராம்.

2004இல் நான் ஒரு கிராமத்தில் துணை அஞ்சல் அதிகாரியாக இருந்தேன். முதியோர் உதவித்தொகை அப்போது மணியார்டராகவே வரும். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பெயர்களைச் சரிபார்த்தபோது பாட்டு சாரின் பெயரைக் கண்டேன். தந்தை பெயரும் பொருந்தியது. அந்தத் தொகை ஆதரவற்றோருக்கு வழங்கப்படுவது. அந்தச் சொல்லையும் அவர் பெயரையும் ஒருங்கே வைத்துப் பார்க்க என்னால் இயலவில்லை. தபால்காரரோடு நானும் மிதிவண்டியில் போனேன்.

மனைவி இறந்துவிட்டிருந்தார், பிள்ளைகள் இல்லை. உறவினர் வீட்டின் பின்புறத்தில் ஓர் அறை. கட்டிலுக்கடியில் வேட்டியால் போர்த்திய ஆர்மோனியம். பணத்தை எண்ணிக் கொடுத்து, நான் இன்னார் என்று சொன்னேன். சற்று நேரம் பார்த்தார்.

"வசனம் எடுத்துக் குடுத்த பயதானே? ஏல, நீ உத்தியோகத்துக்கே வந்துட்டியா?" என்றார். தன் நிலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. "தேவசகாயம் எங்க இருக்கான்? இப்பவாவது சுதி சேருதா?" என்றுதான் கேட்டார்.

அன்று மாலையே தேவசகாயத்துக்குச் சொன்னேன். அவன் மன்னனுக்குச் சொன்னான். ஒரு மாதத்துக்குள் அரண்மனை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. கணக்கில் கறாரான மன்னன் பொறுப்பேற்க, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டு மாதந்தோறும் அனுப்பத் தொடங்கினோம். கையில் கொடுத்தால் வாங்கமாட்டார் என்பதால் மணியார்டர். அக்காலத்துப் படிவத்தின் அடியில் செய்தி எழுத ஒரு சிறு துண்டு இடம் இருக்கும். அனுப்புகிறவன் அதில் தன் வசனத்தில் ஒரு வரி எழுதுவது என்று கட்டியக்காரன் ஒரு வழக்கத்தை உண்டாக்கினான். மூன்றாம் மாதம் ஒரு துண்டு தபால்காரர் கையிலேயே திரும்பி வந்தது. மன்னன் எழுதிய வரியில் ஒரு சொல்லை அடித்து, மேலே நடுங்கும் எழுத்தில் சரியான சொல்லை எழுதியிருந்தார். பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். மருத்துவமனையிலிருந்து ஞானப்பூவும் மாதம் தவறாமல் அனுப்பினான். அவன் துண்டில் எதுவும் எழுதியதில்லை.

இயல் இசை நாடக மன்றம் நலிந்த கலைஞர்களுக்கு மாத நிதியுதவி வழங்குவதை நான் அவரிடம் சொன்னதுண்டு. "நான் கலைஞன் இல்லடே, பள்ளிக்கூடத்து வாத்தியார்" என்று மறுத்துவிட்டார். ஆசிரியர் பட்டியலிலோ அவர் பெயர் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்தவர்கள் நம் மிஷன் பள்ளிகளில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! 2011இல் முதியோர் உதவித்தொகை ஆயிரம் ரூபாயாக உயர்ந்தபோது எங்கள் பணத்தை நிறுத்தச் சொல்லி ஆளனுப்பினார். நாங்கள் நிறுத்தவில்லை. 2013இல் மறைந்தார். ஆர்மோனியம் கட்டியக்காரனுக்கு என்று சொல்லி வைத்திருந்தார்.

அந்த நாடகத்துக்குப் பிறகு பள்ளியில் அவ்வளவு பெரிய மேடை எழவில்லை. மேல்நிலை வகுப்பு வந்தது. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. மாலை ஒத்திகை நேரம் சிறப்பு வகுப்பு நேரமாயிற்று. பெற்றோரைக் குறை சொல்லமாட்டேன். கடலுக்குப் போகாமல், பனையேறாமல் பிள்ளை பிழைக்கவேண்டும் என்று எண்ணியவர்கள் அவர்கள். ஆனால் பாட்டு சொல்லித் தருபவரை அரைகுறையாக வைத்துக்கொள்ளும் வழக்கம் மட்டும் மாறவில்லை. 2012இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, உடற்கல்வி முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அமர்த்தினார்கள். வாரம் மூன்று அரைநாள், மாதம் 5000 ரூபாய். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நான் அதை மனமார வரவேற்கிறேன். போட்டியில் வென்ற பிள்ளையின் படம் நாளிதழில் வரும்போது, பின்னால் பாதி மறைந்து நிற்கும் ஆசிரியரின் முகத்தைத்தான் என் கண் தேடுகிறது.

கட்டியக்காரன் ஊரடங்கில் எல்லாவற்றையும் விற்றான் என்று சொன்னேன். ஆர்மோனியத்தை மட்டும் விற்கவில்லை. அதை மிதிவண்டியின் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு சுற்றியுள்ள மூன்று ஊர்களுக்குப் போய்ப் பாடகர் குழுப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறான். ஊதியம் என்று பேசிக்கொள்வதில்லை. திருவிழாவுக்கு ஒரு வேட்டியும், கொடுப்பவர் மனத்தைப் பொறுத்துக் கொஞ்சம் பணமும் கிடைக்கும். அறுபது வயதைக் கடந்துவிட்டான். கலைஞர் நிதியுதவிக்கு அவன் பெயரில் விண்ணப்பம் ஒன்று நிரப்பி வைத்திருக்கிறேன். கையெழுத்து வாங்கச் சென்ற சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். பாட்டு வகுப்புக்குப் போயிருப்பதாக அவன் மனைவி சொன்னார், இருட்டும்வரை காத்திருந்தேன், வரவில்லை. படிவம் என்னிடம்தான் இருக்கிறது.